காய்த்த செடியைத் திரும்ப விதையாக்குக

எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டவளுக்கு முந்திரி என்று பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பார்கள்? சான்றிதழ்களில் வேறொரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். முந்திரிக்கொட்டை மாதிரி எல்லாவற்றிலும் முந்திக்கொண்டு நிற்கிறாளே என்று அக்கம்பக்கத்தார் சொல்லிச் சொல்லி, வாய் வலித்துப்போய்க் கொட்டையை விட்டுவிட்டார்கள், முந்திரி நின்றுவிட்டது. மழை வருவதற்குள் துணியை எடுத்துவிடுவாள். பேருந்து வருவதற்கு இருபது நிமிடம் முன்பே நிறுத்தத்தில் நிற்பாள். அவள் சீக்கிரம் போனாள் என்பதற்காகப் பேருந்து ஒருநாளும் சீக்கிரம் வந்ததில்லை, அது வேறு விஷயம்.

அம்மாவும் மகளும் மட்டும்தான் வீட்டில். அம்மா தையல் வேலை செய்கிறவள். ஜன்னலோரம் இயந்திரம், அதன்மேல் வளைந்த கழுத்துள்ள விளக்கு, பக்கத்தில் ஸ்பாஞ்சு அடைத்த ஊசிமெத்தை. இரண்டு வருடமாக அம்மாவின் கண்களில் புரை வளர்ந்துகொண்டிருந்தது. ஊசியின் காது எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. ஆகவே முந்திரி தினமும் காலையில் கல்லூரிக்குக் கிளம்பும் முன் பன்னிரண்டு ஊசிகளில் நூல் கோத்து வைப்பாள். வெள்ளை நான்கு, கறுப்பு நான்கு, அன்றைக்குத் தைக்கிற துணியின் நிறத்தில் நான்கு. அம்மா கேட்கும்படி வைத்துக்கொள்ளக் கூடாது என்பதுதான் அதில் முக்கியம். கேட்டால் அம்மாவின் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும்.

போன மாதம் ஒரு சட்டைக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள் அம்மா. சட்டைக்காரம்மா ரொம்ப நல்லவர். "பரவால்லக்கா, யார் பாக்கப்போறாங்க" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார். அடுத்த துணியை எதிர்த்தெருத் தையற்காரரிடம் கொடுத்துவிட்டார்.

கண் மருத்துவமனையில் நாள் குறித்துக் கொடுத்தார்கள். ஒரு திங்கட்கிழமை வலது கண், அடுத்த வாரம் இடது கண். மூன்று வாரத்துக்குக் குனியக் கூடாது, எடை தூக்கக் கூடாது, முகத்தில் தண்ணீர் படக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட வேண்டும். "கூட இருந்து பாத்துக்க யார் இருக்கா?" என்று செவிலியர் கேட்டார். முந்திரி தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். அந்த நாளைத் தவறவிட்டால் அடுத்த முறை ஏழு மாதம் கழித்துத்தான்.

அந்தத் திங்கட்கிழமை, கல்லூரிப் பருவத்தின் பதின்மூன்றாவது வாரத்தில் வந்து விழுந்தது. பருவம் என்பது பதினாறு வாரம். பத்து நாளுக்கு மேல் வகுப்புக்கு வராதவர் தேர்வு எழுத முடியாது, மறு வருடம் முதலிலிருந்து படிக்க வேண்டும். இவளுக்கு வேண்டியது பதினைந்து நாள். சரி, பதினாறு வாரத்து வேலையையும் முன்கூட்டியே முடித்துவிட்டால், வேலையை முடித்தவளை யார் போக வேண்டாம் என்பார்கள் என்று நினைத்தாள். வயது பத்தொன்பது. அப்படியெல்லாம் நினைக்கிற வயதுதான்.

முன்கூட்டியே முடிப்பது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடையில், கடந்த பதினொரு வருடங்களின் பயிற்சிக் கேள்விகள் சுருள்கம்பி போட்டு வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. முந்திரி பதினொன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தேதி மட்டும்தான் மாறியிருந்தது. கடைக்காரர், "ஒண்ணு வாங்கினாப் போதும்மா, மத்ததெல்லாம் அதேதான்" என்று நேர்மையாகச் சொன்னார்.

அவள் தாவரவியல் மாணவி. எட்டாவது வாரத்தில் பீன்ஸ் விதை போட்டு, அது வளர்வதைத் தினமும் அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது பதினொரு வருடத்து வழக்கம். முந்திரி முதல் வாரமே ஒரு தொட்டியில் விதை போட்டாள். அம்மாவின் அளவு நாடாவால் தினமும் அளந்தாள். ஏழாவது வாரம் முடியும்போது கட்டுரைகள் ஒன்பதும் எழுதியாகிவிட்டது, இலைத்தொகுப்பில் இலைகள் நாற்பதும் ஒட்டியாகிவிட்டது, பீன்ஸ் செடியில் பூ உதிர்ந்து காய் இறங்கியிருந்தது.

இதற்கிடையில் ஐந்தாவது வாரத்தில் கல்லூரியில் ஒரு புதிய மையம் திறந்தார்கள். 'பாடத்தில் முந்தி நிற்போர் வழிகாட்டு மையம்' என்று பெயர். முதல் வாரமே திறப்பதாக இருந்தது, பெயர்ப்பலகை வர நேரமாகிவிட்டது. மையத்தின் இயக்குநர் ரிப்பன் வெட்டிவிட்டுப் பேசினார். "நான் மாணவனா இருந்த காலத்துல எந்தப் பயிற்சியையும் கடைசி நாள் ராத்திரிதான் எழுதுவேன். அதனால நான் இழந்தது என்ன? ஒண்ணுமே இல்ல. இன்னிக்கு இயக்குநரா நிக்கறேன். ஆனா நீங்க அப்படி இருக்கக் கூடாது" என்றார். கைதட்டினார்கள். மாணவர்களுக்குத் திட்டமிடும் நாட்குறிப்பு ஒன்று வழங்கப்பட்டது. அது போன வருடத்துடையது. கிழமையை மட்டும் மாற்றிக்கொள்ளும்படி ஒரு துண்டுச்சீட்டு உள்ளே வைத்திருந்தார்கள்.

நாட்குறிப்பின் பின்னட்டையில் மையத்தின் விதிகள் அச்சாகியிருந்தன. முந்திரி கடைசி வரை படிக்கிறவள். பதினான்காவது விதி இப்படி இருந்தது: பாடத்தில் மூன்று வாரம் முந்தி நிற்கும் மாணவர், மையத்தின் சான்றிதழ் பெற்று, அம்மூன்று வாரமும் வகுப்புக்கு வராமல் இருக்கலாம்.

பழம் நழுவிப் பாலில் விழுந்துவிட்டது என்று நினைத்தாள். அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவுக்கு அதை இரண்டு முறை படித்துக் காட்டினாள்.

"மூணு வாரம்னே போட்டிருக்கா?" என்றாள் அம்மா.

"மூணு வாரம்னே போட்டிருக்கும்மா."

"நமக்குன்னே எழுதின மாதிரி இருக்கே. யாரோ புண்ணியவான்."

மையம் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே ஒரு மேசை, பூட்டு போட்ட இரும்பு அலமாரி, ஓர் எழுத்தர் அம்மா. சுவரில் ஒரு பெரிய கடிகாரம் நாற்பது நிமிடம் முந்தி ஓடியது. மாணவருக்கு ஊக்கமாக இருக்கட்டும் என்று இயக்குநரே திருகி வைத்தாராம். மூடுவதற்கு அந்தக் கடிகாரத்தைப் பார்ப்பார்கள், திறப்பதற்கு இயக்குநரின் கைக்கடிகாரத்தை.

ஏழாவது வாரக் கடைசியில் முந்திரி தன் வேலை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு, தொட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றாள். எழுத்தர் பையைப் பார்த்தார், செடியைப் பார்த்தார், பிறகு இவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"நீ நிஜமாவே முந்தி இருக்கியா?"

"ஆமா மேடம். மையம் அதுக்குத்தானே?"

"அதுக்குத்தான். ஆனா யாரும் வருவாங்கன்னு நெனைக்கல." எழுத்தர் மேசை இழுப்பறையைத் திறந்து தேடினார். "பின்தங்கினவங்களுக்கு ஒண்ணும் கிடையாது, நிம்மதியா இருக்கலாம். முந்தறவங்களுக்குத்தான் படிவம். இந்தா."

படிவங்கள் ஏழு இருந்தன. எந்த வேலையை எப்போது முடித்தாள், ஏன் அப்போது முடித்தாள், முடிக்காமல் இருந்திருந்தால் அந்த நேரத்தில் என்ன செய்திருப்பாள் என்று கேட்டிருந்தார்கள். அத்துடன் முந்தல் பதிவேடு என்று ஒன்று. ஒவ்வொரு மணி நேரமும் வகுப்பைவிட எவ்வளவு முந்தியிருக்கிறாள் என்று அதில் எழுதிவர வேண்டும். அத்துடன் வாரத்துக்கு நான்கு நாள், மாலை மூன்று மணி நேரம், நேரத்தை வீணாக்காமல் இருப்பது எப்படி என்று இயக்குநர் எடுக்கும் வகுப்பு. அதற்கு அவர் முக்கால் மணி நேரம் தாமதமாக வருவார். வந்ததும் தாமதத்துக்குக் காரணம் சொல்லி அரை மணி நேரம் பேசுவார். வகுப்பில் முந்திரி ஒருத்திதான். ஒலிபெருக்கியில்தான் பேசுவார்.

தாவரவியல் வகுப்பில் முந்திரியின் பக்கத்து இருக்கைக்காரிக்கு 'அப்புறம்' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் "அப்புறம் பாத்துக்கலாம்" என்பவள். இன்னும் முதல் கட்டுரையின் தலைப்பைக்கூட எழுதவில்லை. சாயங்காலம் ஆனால் ஜாலியாக வீட்டுக்குப் போவாள். முந்திரி அவளைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற நிலைமைக்கு வந்துவிட்டாள். எட்டாவது வாரம் முடிவதற்குள், முந்திக்கொண்டிருந்தவள் முந்தல் பதிவேடு எழுதுவதில் இரண்டு நாள் பின்தங்கிவிட்டாள். எழுத்தர் அதற்குத் தனிப் படிவம் கொடுத்தார்.

அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமைதான் தாவரவியல் பேராசிரியர் வகுப்பில், "எல்லாரும் ஆளுக்கொரு பீன்ஸ் விதை போடுங்க" என்று பன்னிரண்டாவது வருடமாகச் சொன்னார். அடுத்த வாரம் முந்திரிக்கு விசாரணைக் கடிதம் வந்தது.

விசாரணைக் குழு என்றால் இயக்குநரும் பேராசிரியரும்தான். குறிப்பெடுக்க எழுத்தர். மேசை நடுவில் பீன்ஸ் செடியை வைத்து, தொட்டியில் 'சான்று ஒன்று' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். குச்சியைச் சுற்றிக்கொண்டு அது பாட்டுக்கு நின்றது. கொத்தாகக் காய் தொங்கியது, அடியில் ஒன்றிரண்டு முற்றி மஞ்சளாகக்கூட ஆகியிருந்தன.

"விதை போடுன்னு நான் எப்போ சொன்னேன்?" என்று பேராசிரியர் ஆரம்பித்தார்.

"போன செவ்வாய்க்கிழமை சார்."

"இது எப்போ போட்டது?"

"முதல் வாரம் சார்."

"நான் என்ன சொல்லப்போறேன்னு எனக்கு முன்னாடி உனக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு வருஷமா அதையேதான் சார் சொல்றீங்க."

இயக்குநர் எழுத்தர் பக்கம் திரும்பி, "பதினோரு வருஷமா கேள்வி கசிஞ்சிருக்குன்னு குறிச்சுக்கோங்க" என்றார். எழுத்தர் குறித்துக்கொண்டார்.

பேராசிரியருக்கு உண்மையிலேயே மனம் புண்பட்டிருந்தது. அவர் எழுந்து நின்று பேசினார். "இருபத்திரண்டு வருஷமா இந்தப் பாடத்தை எடுக்கறேன். ஒரு மாணவன்கூட எனக்கு முன்னாடி போனதில்ல. ஏன், நானே எனக்கு முன்னாடி போனதில்ல. எந்த வாரத்துல எந்தப் பக்கம்னு என் குறிப்பேட்டுல இருக்கு, அந்தப் பக்கத்தை அந்த வாரம் காலையிலதான் திறப்பேன். திறந்து பாக்கறப்போ எனக்கே புதுசா இருக்கும். அதுதான் கற்பித்தல். இவ என்னடான்னா, நான் விதைன்னு சொல்றப்போ காயோட வந்து நிக்கறா. மத்தப் பிள்ளைங்க என்ன நெனைப்பாங்க? செடி நான் சொல்லித்தான் வளருதுன்னு இதுவரைக்கும் ஒரு நம்பிக்கை இருந்துச்சு."

"நீங்க சொல்லாமலே வளர்ந்துடுச்சு சார். மன்னிச்சுக்கோங்க" என்றாள் முந்திரி. கிண்டலாகச் சொல்லவில்லை. அவளுக்குச் சான்றிதழ் வேண்டும். அதற்காகச் செடி சார்பிலும் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருந்தாள்.

தீர்ப்பு எழுத்தில் வந்தது. விதைக்கும் ஆணைக்கு முன் முளைத்தது ஒழுங்கீனம் என்றும், பூத்ததும் காய்த்ததும் அதன் தொடர்ச்சி என்றும் கண்டிருந்தது. மாணவியின் வயதையும் செடியின் வயதையும் கருதி மன்னிப்பு அளிக்கப்படுகிறது. ஆனால் வரும் திங்கட்கிழமைக்குள் மேற்படி காய்த்த செடியைத் திரும்ப விதையாக்கி மையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

முந்திரி அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே நின்றாள். எழுத்தர் வெளியே வந்து செடியைச் சுற்றிப் பார்த்தார். அடியில் மஞ்சளாகியிருந்த காயைக் கிள்ளிப் பிரித்து, உள்ளே இருந்த ஐந்து விதையையும் அவள் கையில் கொட்டினார்.

"ஆச்சா? திரும்ப விதையாக்கியாச்சு. காயவெச்சு ஒரு கவர்ல போட்டு எங்கிட்ட குடு, முத்திரை போட்டு வாங்கிக்கறேன். செடியை வீட்டுக்குக் கொண்டு போயிடு. போறப்போ இயக்குநர் அறைப் பக்கமாப் போகாத."

அப்படியே செய்தாள். திங்கட்கிழமை விதை ஏற்கப்பட்டது. வகுப்பில் சொன்னபடி இன்னொரு விதையும் போட்டாள். அது முளைக்கிற வரைக்கும் முளைக்கவில்லை என்று தினமும் எழுதினாள். நாட்கள் ஓடின. பன்னிரண்டாவது வாரத்து வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது, சான்றிதழ் வரவில்லை. அறுவை சிகிச்சைக்கு நடுவில் இரண்டே நாள். முந்திரி நேராக, அன்று மையத்துக்கு வந்திருந்த இயக்குநரின் முன்னால் போய் நின்றாள்.

இயக்குநர் நல்ல மனநிலையில் இருந்தார். "உக்காரும்மா. மையத்துலயே நீதான் முதல் ஆளு. அறிக்கையிலகூட உன்னைப் பத்தித்தான் எழுதியிருக்கேன். பயனடைந்தோர் நூறு சதவீதம்."

"சார், சான்றிதழ்."

"கண்டிப்பா உண்டு. ஆனா யோசிச்சுப் பாரு. முந்தறதுன்னா என்ன? பின்னாடி ஒருத்தர் வரணும். எல்லாரும் வந்து சேர்ந்த பிறகுதானே நீ முந்தி வந்தியான்னு சொல்ல முடியும்? ஓட்டப்பந்தயத்துல பாதி வழியிலயா கோப்பை குடுக்கறாங்க? பருவம் முடியணும், தேர்வு முடியணும், மதிப்பெண் வரணும். அதுலேருந்து ஆறு வாரத்துல சான்றிதழ் உன் கையில."

"எனக்கு லீவு வர்ற திங்கக்கிழமையே வேணும் சார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். பாத்துக்க வேற ஆள் இல்ல."

"அதான் உங்கிட்ட உள்ள ஒரே குறை." இயக்குநர் வருத்தத்தோடு சொன்னார். "எல்லாத்துக்கும் அவசரப்படற. எங்க ஆசிரியர்களைப் பாத்துக் கத்துக்கோ. முந்தி நிக்கறது மாணவருக்கு மட்டும் இல்ல, எல்லாருக்கும்தான்னு போன மாசம் ஒரு சுற்றறிக்கை விட்டேன். வருகைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, எல்லாத்தையும் பருவக் கடைசி நாள் வரைக்கும் எழுதி முடிச்சு, கையெழுத்துப் போட்டு, இதோ இந்த அலமாரியில வெச்சுப் பூட்டியாச்சு. ஆய்வுக்கு வந்தவங்களே அசந்துபோயிட்டாங்க. அவங்கள்ல யாராவது உன்ன மாதிரி வந்து லீவு கேட்டாங்களா?"

முந்திரி அலமாரியைப் பார்த்தாள். அவர் சொன்னது ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிடுவது நின்றுபோய் மூன்று வாரம் ஆகிறது என்பதையும் அவள் கவனித்திருக்கவில்லை. அம்மாவிடம் என்ன சொல்வது என்பதுதான் மனதில் ஓடியது.

வீட்டுக்குப் போனபோது அம்மா அளவு நாடாவை மூக்குக்கு அருகில் வைத்து எண்ணைத் தேடிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நாடாவைச் சுருட்டினாள்.

"விடு. ஏழு மாசம்தானே. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிடும்."

"கண்ணத் திறந்தாலும் உனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா." கல்லூரியின்மேல் வந்த கோபத்தை அம்மாவின்மேல் காட்டிவிட்டாள். உடனே அழுகை வந்துவிட்டது. அம்மா அவள் தலையைத் தேடித் தடவினாள். தேடித்தான் தடவ வேண்டியிருந்தது.

"என் கண்ணுக்காக உன் ஒரு வருஷம் போகணுமா?"

"போகட்டும். பன்னண்டு மாசம்தானே. எனக்குத்தான் எல்லாப் பாடமும் ஏற்கெனவே தெரியுமே. சும்மா உக்காந்துட்டு வருவேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. முந்திரிக்கு வரவில்லை. ஒரு வருடம் என்பது எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியும். படிப்பை முடித்து வேலைக்குப் போய் அம்மாவை உட்கார வைக்க வேண்டும் என்று நாளை எண்ணிக்கொண்டிருக்கிறவள் அவள்.

'அப்புறம்' தொலைபேசியில் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "நீ போ. காலேஜை அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். அந்தப் பருவத்தில் முந்திரிக்குக் கிடைத்த ஒரே உருப்படியான வழிகாட்டல் அதுதான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு மருத்துவமனைக்குப் போனார்கள். எட்டரைக்கு அம்மாவின் வலது கண்ணுக்கு மேலே பேனாவால் ஒரு குறி போட்டார்கள். பத்து மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. படிவம் ஒன்றே ஒன்றுதான். முந்திரிக்குச் சந்தேகமாக இருந்தது. "வேற எதுவும் எழுத வேண்டாமா?" என்று செவிலியரிடம் இரண்டு முறை கேட்டாள். செவிலியர் சொட்டு மருந்துக் குப்பியைக் கையில் கொடுத்து, எப்படிக் கீழிமையை இழுத்து விட வேண்டும் என்று காட்டினார். அடுத்த வாரம் இடது கண்ணும் அப்படியே நடந்தது.

மூன்று வாரமும் முந்திரி வீட்டில் ராஜ்ஜியம் நடத்தினாள். கீழே விழுந்த எதையும் அம்மா குனிந்து எடுக்க விடவில்லை. ஈரத் துணியால் முகம் துடைத்துவிட்டாள். சமைத்தாள், துவைத்தாள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து விட்டாள். அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "என்னைப் பொம்மை மாதிரி வெச்சிருக்கா" என்று அக்கம்பக்கத்தாரிடம் புகார் சொன்னாள். பீன்ஸ் செடியில் மிச்சமிருந்த காய்களைப் பறித்து வேகவைத்துச் சாப்பிட்டார்கள். சான்று ஒன்று நன்றாகவே இருந்தது.

பதினாறாவது வாரம் முந்திரி கல்லூரிக்குப் போனாள். மறு வருடம் சேர்வதற்கு என்ன படிவம் என்று கேட்கத்தான் போனாள். எழுத்தர் அவளை உட்காரச் சொல்லி, கதவைச் சாத்திவிட்டு, அலமாரியைத் திறந்தார். வருகைப் பதிவேட்டை எடுத்து அவள் பக்கம் திருப்பினார்.

முந்திரி எல்லா நாளும் வந்திருந்தாள். அறுவை சிகிச்சை நடந்த இரண்டு திங்கட்கிழமையும் முழு நாள் வந்திருந்தாள். 'வகுப்பில் கேட்ட ஐயங்கள்' என்ற பத்தியில் அன்றைக்கு இரண்டு என்று எழுதியிருந்தது. நான்காவது வாரமே வீட்டோடு ஊரைக் காலி செய்துகொண்டு போய்விட்ட ஒரு மாணவனும் ஒருநாள் தவறாமல் வந்திருந்தான். அவனும் ஐயம் கேட்டிருந்தான்.

"இது எப்படி மேடம்?"

"முந்தி எழுதினது. கையெழுத்து ஆயிடுச்சு, ஆய்வு முடிஞ்சுடுச்சு. இனிமே நீ வரலன்னு நீயே வந்து சொன்னாலும் எடுபடாது." எழுத்தர் குரலைத் தாழ்த்தினார். "நீ ஒண்ணும் சொல்லாத. தேர்வை எழுதிட்டுப் போ."

முந்திரி பதிவேட்டை மூடினாள். ஒரு வருடம் திரும்பக் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் பக்கத்தில் இருந்த மதிப்பெண் பதிவேட்டை ஆசையாகத் திறந்தாள். கட்டுரை, இலைத்தொகுப்பு, பீன்ஸ் செடி, எல்லாவற்றுக்கும் பத்துக்கு ஆறு. 'அப்புறம்' வாங்கியதும் ஆறுதான். ஊரை விட்டுப் போனவனுக்கும் ஆறு. அவன் செடிக்கு எதிரே 'வளர்ச்சி திருப்தி' என்று எழுதியிருந்தது.

"அப்போ நான் எழுதினதெல்லாம்?"

"பத்திரமா இருக்கு. இயக்குநர் அதுக்குன்னு ஒரு கோப்பு திறக்கச் சொல்லியிருக்காரு. இன்னும் திறக்கல."

தேர்வு முடிந்தது, தேறிவிட்டாள். விடுமுறையின் நடுவில் ஒருநாள் மையத்திலிருந்து கெட்டி உறையில் கடிதம் வந்தது. முந்திரி அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோது அம்மா ஜன்னலோரம் நின்று, மருத்துவமனையில் வாங்கிய புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உறையைப் பிரித்துச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அம்மா ஒன்றைப் படிக்கிறாள். முந்திரி ஈரத் தலையோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"'தாங்கள் பாடத்தில் மூன்று வாரம் முந்தி நின்றது ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்கப்பட்டுள்ளதால், தாயாரின் கண் அறுவை சிகிச்சைக்காகக் கோரிய விடுப்பு இதன்மூலம் அனுமதிக்கப்படுகிறது.' பரவால்லையே, குடுத்துட்டாங்களே."

"சரி, உள்ள வைம்மா."

"இரு. கீழ பொடி எழுத்துல இன்னும் என்னவோ இருக்கு." அம்மா காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தாள். முந்திரிக்கே அந்த எழுத்து தூரத்திலிருந்து தெரியவில்லை. அம்மா தடுமாறாமல் படித்தாள். "'மேற்படி சிகிச்சை இவ்வனுமதிக்கு முன்னரே நடந்திருப்பின் அது விதிமீறலாகும். அவ்வாறாயின் சம்பந்தப்பட்டவர் சிகிச்சைக்கு முந்தைய நிலைக்குத் திரும்பி, புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.'" கண்ணாடியைக் கழற்றினாள். "அப்போ என் கண்ணு திரும்பப் பழையபடி ஆகணுமாமா?"

"செடியையே திருப்பினவங்கம்மா."

அம்மா அந்தக் கடிதத்தை நான்காக மடித்து, ஆடிக்கொண்டிருந்த தையல் இயந்திரத்தின் ஒரு காலுக்குக் கீழே வைத்து அமுக்கிப் பார்த்தாள். ஆட்டம் நின்றது. நல்ல கெட்டிக் காகிதம்.

மறுநாள் காலை முந்திரி வழக்கம்போல விடிவதற்கு முன்பே எழுந்து, ஊசிகளில் நூல் கோக்க ஜன்னலோரம் போனாள். பன்னிரண்டும் கோத்து வரிசையாக மெத்தையில் குத்தியிருந்தன. வெள்ளை நான்கு, கறுப்பு நான்கு, அன்றைக்குத் தைக்க வேண்டிய நீலத் துணிக்கு நீலம் நான்கு. அம்மா இயந்திரத்துக்கு முன்னால் உட்கார்ந்து ஒரு காலரைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"யாரு கோத்தது?" என்று கேட்டாள் முந்திரி, வீட்டில் வேறு யாரும் இல்லை என்று தெரிந்தே.

அம்மா நிமிரவில்லை. "நீ எழுந்து வர்ற வரைக்கும் காத்துட்டிருந்தா வேலை ஆகுமா?"

முந்திரி கொஞ்ச நேரம் அந்த ஊசிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவள் அம்மாவுக்குப் பிந்திப்போயிருந்தாள். உள்ளே போய்ப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பத்து மணி வரைக்கும் தூங்கினாள்.